ஒரே பெயரில் இருவர்



பாடசாலையொன்றின் அலுவலகத்துக்குள் நீங்கள் நுழைந்தால், அங்குள்ள அலுமாரியில் தடித்த அட்டை கட்டிய பெரிய புத்தகமொன்று தனியாக வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். சேர்விடாப்பு என்பது அதன் பெயர். பாடசாலை தொடங்கிய நாள் முதலாக அங்கே காலடி வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிலே ஒரு வரி உண்டு. பேரனைச் சேர்க்க வந்த பாட்டனார் தமது பெயரையும் அதே புத்தகத்திலே கண்டு, சிறிது நேரம் பேசாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் புத்தகம் உண்மையில் ஓர் அட்டவணையே. குறுக்காகச் செல்லும் வரிகளை நிரைகள் என்றும், மேலிருந்து கீழாகச் செல்லும் கட்டங்களை நிரல்கள் என்றும் கணித பாடத்தில் நாம் சொல்லுகிறோம். ஒரு நிரை ஒரு பிள்ளையைக் குறிக்கும். ஒரு நிரல் ஒரு செய்தியைக் குறிக்கும். முதல் நிரலிலே சேர்விலக்கம், அடுத்ததிலே பெயர், பின்னர் பிறந்த திகதி, பெற்றார் பெயர், முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள் என இவ்வாறு தொடரும். இன்று கணினியில் ஆக்கப்படும் எந்த விரிதாளும், எந்தத் தரவுத்தளமும் அடிப்படையில் இதே அமைப்பை உடையவைதாம். புத்தகம் திரையாக மாறிற்று. நிரையும் நிரலும் மாறவில்லை.

இத்தகைய அட்டவணைகளைப் பற்றி ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஒரு நிரையை மற்றொரு நிரையிலிருந்து பிரித்து அறிவது எவ்வாறு? கேட்பதற்கு இது எளிய கேள்வி. ஆயினும், இதற்கு விடை சொல்லத் தவறியதனால் ஒரு சிறுவனுக்கு நானே இழைத்த தீங்கு ஒன்று உண்டு. அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் வகுப்பாசிரியனாக இருந்த ஒரு பாடசாலையிலே, ஒரே தரத்தின் இரு பிரிவுகளில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் இருந்தனர். க. செல்வராசா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. தந்தையர் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. என் வகுப்பில் இருந்த செல்வராசாவின் தகப்பனார் நாட்கூலிக்குப் போகிறவர். திறமையும் வறுமையும் ஒருங்கே உடைய மாணவர் சிலருக்கு மாதந்தோறும் சிறு உதவிப்பணம் வழங்க அன்பர்கள் சிலர் முன்வந்தபோது, என் வகுப்பிலிருந்து அவனுடைய பெயரை நான் எழுதிக் கொடுத்தேன். பெயர், தரம், மொத்தப் புள்ளி என மூன்று நிரல்கள் மாத்திரமே அந்தப் பட்டியலில் இருந்தன. பிரிவையும் எழுதவில்லை, சேர்விலக்கத்தையும் எழுதவில்லை. எனக்குத்தான் அவனைத் தெரியுமே, வேறென்ன வேண்டும் என்பது என் எண்ணம்.

பட்டியலைப் பெற்றவர் இடாப்பைத் திறந்தார். செல்வராசா என்ற பெயரைத் தேடினார். முதலிற் கண்ணில் பட்டவனுடைய தகப்பனாருக்குக் கடிதம் அனுப்பினார். அது மற்றச் செல்வராசா. அந்தக் குடும்பத்தாரும், பிள்ளையின் கெட்டித்தனத்துக்குக் கிடைத்த பரிசென்றெண்ணிப் பணத்தை மகிழ்ச்சியோடு பெற்று வந்தனர். அவர்கள்மேற் குற்றமில்லை.

அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில், என் மாணவன் வெள்ளிக்கிழமைகளில் வகுப்புக்கு வராமலிருப்பதைக் கண்டு தகப்பனாரை அழைத்து விசாரித்தேன். “வெள்ளியிலே சந்தைக்கு மூடை தூக்கப் போகிறான் ஐயா. கொப்பி வாங்க வேணுமே” என்றார். “உதவிப்பணம் வருகிறதல்லவா?” என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்து, “எந்தப் பணம் ஐயா?” என்றார். அப்போதுதான் எல்லாம் வெளியாயிற்று. தவறு திருத்தப்பட்டது, ஆனால் அவன் இழந்த வெள்ளிக்கிழமைகளைத் திருப்பிக் கொடுக்க ஒருவராலும் இயலவில்லை. ஒரு நிரலை எழுதாமல் விட்டதன் விலை அது.

நேயர்களே, பெயர் என்பது ஒருவரை அழைப்பதற்கு உரியது. அழைக்கும்போது ஆள் முன்னே நிற்பார், ஐயம் எழாது. பட்டியலிலோ ஆள் முன்னே நிற்பதில்லை. பெயர் மாத்திரமே நிற்கிறது. நம்மவரின் பெயரிடும் வழக்கமும் இச்சிக்கலைப் பெருக்குகிறது. குடும்பப் பெயரென்று பரம்பரையாகத் தொடர்வது பெரும்பாலும் நம்மிடம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு தம் பெயரைச் சேர்த்தெழுதுகிறோம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிறோம். ஊர்க்கோயில் மூர்த்தியின் பெயரை அவ்வூர்ப் பிள்ளைகள் பலருக்கும் இடுகிறோம். ஆகவே, ஓர் ஊரில் ஒரே முதலெழுத்தோடு ஐந்து கந்தசாமிகள் இருப்பது புதுமையன்று.

அப்படியாயின், பெயரோடு பிறந்த திகதியைச் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போதும், எப்போதும் போதாது. பிறந்த நாளின் இயல்பைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லுகிறேன். ஒரு வகுப்பில் 23 பிள்ளைகள் இருந்தால், அவர்களுள் எவரேனும் இருவர் ஒரே மாதத்தில் ஒரே நாளிற் பிறந்தவராக இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகமாகும். 40 பிள்ளைகள் இருந்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 89 வரை உயர்கிறது. ஆண்டொன்றில் 365 நாட்கள் இருக்க இது எங்ஙனம் என்று வியப்பீர்கள். 40 பேருள் இருவர் இருவராக எடுத்தால் 780 சோடிகள் உண்டாகின்றன. அத்தனை சோடிகளுள் ஒன்றேனும் பொருந்துவது அரிதன்று என்பதே காரணம். இனி, இரட்டைப் பிள்ளைகளுக்கோ பிறந்த திகதி, முகவரி, பெற்றார் பெயர், தொலைபேசி எண் யாவும் ஒன்றே. இவற்றை எத்தனை சேர்த்தாலும் அவ்விருவரையும் பிரிக்கமாட்டா.

இதற்காகவே நம் முன்னோர் சேர்விலக்கம் என்ற முதல் நிரலை வகுத்தனர். ஒருமுறை வந்த பெறுமானம் மறுமுறை வராத நிரலைத் தனித்துவமான நிரல் என்கிறோம். அத்தகைய நிரல்களுள், நிரையை அறிவதற்கென்றே தேர்ந்தெடுத்துக் கொண்டதை முதன்மைச் சாவி என்று கணினி நூலார் வழங்குவர். பூட்டொன்றுக்குச் சாவியொன்று என்பதே கருத்து.

நல்ல சாவிக்கு நான்கு இலக்கணங்கள் உள. முதலாவது, ஒரு நிரையிலும் அது வெறுமையாக இருத்தலாகாது. இரண்டாவது, இரு நிரைகளில் ஒரே பெறுமானம் வருதலாகாது. மூன்றாவது, அது காலப்போக்கில் மாறுதலாகாது. நான்காவது, உரியவர் விலகிச் சென்ற பின்னரும் அதை வேறொருவருக்கு வழங்குதலாகாது. இந்த நான்காவது இலக்கணமே பெரிதும் மறக்கப்படுவது. விலகிய பிள்ளையின் இலக்கம் வீணாகக் கிடக்கிறதே என்று புதிய பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டால், பத்தாண்டுகளுக்குப் பின் விடுகைப் பத்திரம் கேட்டு வருபவருக்கு யாருடைய வரலாற்றை எழுதிக் கொடுப்பது? எண்களுக்குப் பஞ்சமில்லை, ஒன்றை வீணாக்குவதால் நட்டமுமில்லை.

வரவு இடாப்பில் உள்ள வரிசை எண்ணை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் ஒரு வகுப்பில் இருமுறை வராததே. ஆயினும் ஆண்டுதோறும் அது மாறும். ஒரு பிள்ளை இடையிற் சேர்ந்தால் கீழுள்ளவர் எண்கள் நகரும். இவ்வாண்டின் 17ஆம் எண்ணுக்குரியவர் வேறு. சென்ற ஆண்டின் 17ஆம் எண்ணுக்குரியவர் வேறு. ஆகவே இன்றைக்குத் தனித்துவமாய் இருப்பது மட்டும் போதாது, நிலைபேறும் வேண்டும்.

நாட்டளவில் இதே நோக்கத்துக்காக ஏற்பட்டது தேசிய அடையாள அட்டை இலக்கம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழியே 1972ஆம் ஆண்டில் அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் இருந்தன. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அடுத்த மூன்றும், பிறந்தது அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்படும். 1985ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி பிறந்த ஆணுக்கு 85041 என்றும், பெண்ணுக்கு 85541 என்றும் இலக்கம் தொடங்கும். அதன்பின் வரும் மூன்றும் தொடரிலக்கம்; ஒரே நாளிற் பிறந்தவர்களைப் பிரிப்பது இதுவே. இறுதி இலக்கம், எழுதுவோர் பிழைவிட்டால் அதைக் காட்டிக் கொடுப்பதற்கான சரிபார்ப்பு இலக்கம்.

இவ்வமைப்பிலே ஒரு முட்டுப்பாடு மறைந்திருந்தது. ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே ஒதுக்கப்பட்டதால், 1901ஆம் ஆண்டிற் பிறந்தவரும் 2001ஆம் ஆண்டிற் பிறந்தவரும் 01 என்றே தொடங்கவேண்டியதாயிற்று. நூறாண்டு இடைவெளியில் உள்ள இருவர் ஒரே இலக்கத்திற்கு உரியவராக நேரலாம் என்றால், தனித்துவம் என்ற அடித்தளமே ஆட்டங் கண்டுவிடும். ஆகவே 2016ஆம் ஆண்டு முதலாகப் பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட புதிய முறை வந்தது. ஆண்டுக்கு நான்கு, நாளுக்கு மூன்று, தொடருக்கு நான்கு, சரிபார்ப்புக்கு ஒன்று என அவை பகுக்கப்பட்டன, எழுத்து நீக்கப்பட்டது. பழைய இலக்கத்தைப் புதிய வடிவில் எழுதும்போது முன்னே 19 என்பதைச் சேர்த்து, நாளைக் காட்டும் இலக்கங்களின் பின்னே ஒரு சுழியத்தை இட்டு, இறுதி எழுத்தை விட்டுவிடுகிறோம்.

இதிலிருந்து பட்டியல் எழுதுவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒரே மனிதர் ஒரு பட்டியலில் பழைய இலக்கத்தோடும், மற்றொரு பட்டியலில் புதிய இலக்கத்தோடும் இருக்கக்கூடும். இரண்டையும் ஒன்றாக்கினால், கணினி அவரை இருவராகக் கொள்ளும். பெயர் ஒன்றாய் இருந்து ஆள் இருவராவது ஒரு வகைப் பிழை. ஆள் ஒருவராய் இருந்து இலக்கம் இரண்டாவது அதன் மறுபக்கம். முதலாவதில் ஒருவர் உரிமை இன்னொருவருக்குப் போகிறது. இரண்டாவதில் ஒருவர் உரிமை இரட்டிப்பாகிறது, அல்லது இரட்டிப்பென்று ஐயுற்று இரண்டுமே மறுக்கப்படுகின்றன. எனவே ஒன்றாக்குமுன் எல்லா இலக்கங்களையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவருதல் முதற்கடன்.

சில வேளைகளில் ஒரு நிரல் தனியே தனித்துவம் பெறாவிடினும், இரண்டு சேர்ந்து பெறுவதுண்டு. இதற்கு அழகிய எடுத்துக்காட்டைத் தாவரவியலிலே காணலாம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு நம் இலங்கையின் தாவரங்களைப் பற்றி, எர்மன் என்பார் சேகரித்த உலர் செடிகளைக் கொண்டு, 1747ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டவர். 1753ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மற்றொரு நூலே, செடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டியது. அம்முறைப்படி மாமரம் மாங்கிபெரா இண்டிக்கா. புளிய மரம் தாமரிண்டசு இண்டிக்கா. பிற்காலத்திற் பெயரிடப்பெற்ற வேம்பு அசாடிராக்டா இண்டிக்கா. இண்டிக்கா என்ற சொல் மூன்றிலும் வருகிறது. அதை மட்டும் சொன்னால் மாவா, புளியா, வேம்பா என்று தெரியாது. மாங்கிபெரா என்ற சொல்லும் மாவின் இனத்தைச் சேர்ந்த வேறு பல மரங்களுக்கும் பொது. இரண்டும் சேரும்போது ஒரேயொரு மரத்தையே குறிக்கின்றன. இத்தகைய சேர்க்கையைக் கூட்டுச் சாவி என்று கூறலாம்.

பாடசாலையிலும் இது உண்டு. 4172 என்ற சேர்விலக்கம் என் பாடசாலையிலே ஒரு பிள்ளையை மட்டுமே குறிக்கும். பக்கத்துப் பாடசாலையிலும் 4172 என்ற இலக்கத்தோடு வேறொரு பிள்ளை இருக்கலாம். பாடசாலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகைமதிப்பு இலக்கம் உண்டு. அதனையும் சேர்விலக்கத்தையும் சேர்த்து எழுதினால், ஐயத்திற்கு இடமில்லை. ஒரு நிரல் தனித்துவமானதா என்ற கேள்விக்கு, எந்த எல்லைக்குள் என்று மறுகேள்வி கேட்ட பின்னரே விடை கூறவேண்டும்.

இவ்வெல்லையை மறந்தால் நேரும் குழப்பத்தை இடம்பெயர்ந்த காலத்திலே வடபகுதி ஆசிரியர் பலர் அறிந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகள் போன இடத்துப் பாடசாலையிற் சேர்ந்தனர். மீண்டும் நகர்ந்தபோது வேறொன்றிற் சேர்ந்தனர். அவ்வாறு நகர்ந்த ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்விலக்கங்கள் ஏற்படுவது இயல்பு. இடாப்புகளில் உள்ள வரிகளைக் கூட்டினால் வருவது வரிகளின் தொகையே; பிள்ளைகளின் தொகை அன்று. வரிகளை எண்ணுவது வேறு; தனித்துவமான பிள்ளைகளை எண்ணுவது வேறு. எத்தனை புத்தகம் வேண்டும், எத்தனை வாங்கு வேண்டும் என்பன யாவும் இரண்டாவது எண்ணிக்கையைச் சார்ந்தவை.

இதுகாறும் இருமுறை வரக்கூடாத நிரல்களைப் பார்த்தோம். இனி, பலமுறை வரவேண்டிய நிரல்களைச் சிறிது நோக்குவோம். தரம், பால், ஊர், பாடம் என்பன இத்தகையவை. ஆயிரம் நிரைகள் இருந்தாலும் தரம் என்ற நிரலில் பதின்மூன்று வகைப் பெறுமானங்களே இருக்கமுடியும். இத்தகைய நிரலில் வந்துள்ள வேறுபட்ட பெறுமானங்களை, ஒவ்வொன்றையும் ஒருமுறை மாத்திரம் எழுதி, ஒரு சிறு பட்டியலாக்கிப் பார்த்தல் மிகவும் பயனுள்ள பழக்கம். பதின்மூன்று இருக்கவேண்டிய இடத்திலே பதினாறு வந்தால், எங்கோ பிழை இருக்கிறதென்று உடனே தெரிந்துவிடும். ஆயிரம் வரிகளைப் படிக்கவேண்டியதில்லை.

ஊர்ப்பெயர் நிரலிலே இதைச் செய்து பார்ப்போர் திகைப்படைவர். வட்டுக்கோட்டை என்று ஒருவர் சேர்த்தெழுதுவார். வட்டுக் கோட்டை என்று இன்னொருவர் பிரித்தெழுதுவார். வல்லொற்றை விட்டு வட்டுகோட்டை என்று எழுதுவார் மற்றொருவர். படிக்கும் நமக்கு மூன்றும் ஒரே ஊர். கணினிக்கோ மூன்றும் மூன்று ஊர்கள். பெயரின் முன்னே முதலெழுத்தை இட்டு, புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதும் விடாததும், முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னே தள்ளுவதும் இவ்வாறே ஒருவரைப் பலராக்கும். ஆங்கில எழுத்தில் எழுதப்படும்போது ஒரே சண்முகம் நான்கைந்து உருவங் கொள்வார்.

தமிழ் எழுத்துக்கே உரிய நுட்பமான தொல்லை ஒன்றும் உண்டு. கொ என்ற எழுத்தைக் கணினியிலே இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி முழுவதற்கும் உரிய ஒற்றைக் குறியீட்டெண்ணை இடலாம். அல்லது ஒற்றைக் கொம்புக்கும் காலுக்கும் உரிய இரு குறியீட்டெண்களை அடுத்தடுத்து இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின், இவற்றை ஒருவகைப்படுத்தாத மென்பொருளில் கொழும்பு என்ற சொல் இரு வேறு சொற்களாகிவிடும். கண்ணாற் பார்த்துக் காணமுடியாத பிழை இது. இன்னும், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை தோற்றத்திற் தமிழாயினும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டவை. அவற்றையும் ஒருங்குறியில் எழுதியவற்றையும் கலந்து வைத்தால் ஒன்றையொன்று பொருந்தாது. முதலில் யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

இனி, விரிதாளைக் கையாளும் ஆசிரியர்களுக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் பயன்படக்கூடிய சில வழிகளைக் கூறுகிறேன். முதலில், மூலப் பட்டியலைப் பிரதி செய்து, மூலத்தைத் தொடாமல் வைத்துவிடுங்கள். இரண்டாவதாக, ஐயத்துக்குரிய நிரலின்படி முழு அட்டவணையையும் வரிசைப்படுத்துங்கள். ஒத்தவை அருகருகே வந்து நிற்கும். மூன்றாவதாக, ஒவ்வொரு பெறுமானமும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணச் செய்யுங்கள். எக்செல் என்ற மென்பொருளில் கவுண்டிஃப் என்னுஞ் சார்பு இதைச் செய்யும். அதன் அண்மைக்காலப் பதிப்புகளில் யுனீக் என்னுஞ் சார்பு வேறுபட்ட பெறுமானங்களைத் தனியே எடுத்துத் தரும்.

இரட்டிப்புகளை நீக்கும் கட்டளையொன்றும் அதில் உண்டு. அதனை அஞ்சி அஞ்சியே பயன்படுத்துக. பெயர் நிரலை மட்டும் கொண்டு நீக்குமாறு பணித்தால், இரண்டு செல்வராசாக்களுள் ஒருவனை அது ஒரு நொடியில் அழித்துவிடும். எவனை அழித்தோம் என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டாது. ஆகையால் எண்ணிப் பார்த்து, ஒத்த நிரைகளைக் கண்ணாற் கண்டு, உண்மையில் ஒரே ஆள்தான் என்று உறுதி செய்த பின்னரே நீக்குதல் வேண்டும். ஐயமாயின், பெற்றாரை அழைத்துக் கேட்பதே சிறந்தது.

இன்னுமொன்று. சேர்விலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் எண்களால் எழுதப்படினும், அவை எண்ணிக்கைகள் அல்ல, பெயர்களே. அவற்றைக் கூட்டுவாரும் இல்லை, பெருக்குவாரும் இல்லை. கணினியில் அவற்றை எண்ணென்று பதிந்தால், 0417 என்பதன் முன்னுள்ள சுழியம் மறைந்து 417 ஆகிவிடும். பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட அட்டை இலக்கத்தை விஞ்ஞானக் குறியீட்டிலே சுருக்கிக் காட்டும். ஆகவே அந்நிரல்களை எழுத்து வகையாக முன்னரே குறித்துவிடுவது நன்று.

நிரல்களை வகுப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு நிரலுக்கு ஒரு செய்தி என்பதே அது. பெயரையும் பிரிவையும் ஒரே கட்டத்தில் எழுதினால், பிரிவின்படி வரிசைப்படுத்த முடியாது. தொலைபேசி எண்கள் இரண்டை ஒரே கட்டத்தில் எழுதினால், எதையும் தேடிக் காணமுடியாது. இதைப் போலவே, வெவ்வேறு பொருள்களைப் பற்றிய செய்திகளை ஒரே அட்டவணையில் நெருக்குதலும் தகாது. 200 மாணவர்கள், ஒன்பது பாடங்கள், மூன்று தவணைகள் என்றால், ஆண்டொன்றுக்கு 5400 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியோடும் மாணவனின் முகவரியையும் எழுதினால், ஒருவன் முகவரி 27 முறை வரும். வீடு மாறினால் 27 இடங்களில் திருத்தவேண்டும். ஒன்றைத் தவறவிட்டால், எது உண்மை என்று அட்டவணையே அறியாது.

ஆகவே மாணவர் அட்டவணை வேறாகவும் புள்ளி அட்டவணை வேறாகவும் இருத்தல் வேண்டும். முகவரி முதலாவதில் ஒருமுறை எழுதப்படும். இரண்டாவதில் சேர்விலக்கம், பாடம், தவணை, ஆண்டு, புள்ளி என்பன மட்டும் வரும். இங்கே சேர்விலக்கம் பலமுறை வருவது பிழையன்று; ஏனெனில் இங்கே ஒரு நிரை ஒரு மாணவனைக் குறிக்கவில்லை, ஒரு பாடத்தில் ஒரு தவணையில் அவன் பெற்ற புள்ளியைக் குறிக்கிறது. சேர்விலக்கம், பாடம், தவணை, ஆண்டு ஆகிய நான்கும் சேர்ந்த சேர்க்கையே இங்கு இருமுறை வரக்கூடாதது. இவ்விரு அட்டவணைகளையும் பிணைக்கும் கயிறு சேர்விலக்கம்.

இம்முறையை ஒரு கோட்பாடாக வகுத்தவர் இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கார் கோட் என்பவர். 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையே தொடர்புசார் தரவுத்தளங்களுக்கு வித்திட்டது. 1981ஆம் ஆண்டில் கணினித் துறையின் பெரும் பரிசாகிய டியூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. இன்று வங்கியிற் பணம் எடுக்கும்போதும், மருத்துவமனையில் இலக்கம் பெறும்போதும், பரீட்சைப் பெறுபேற்றைச் சுட்டெண்ணைக் கொண்டு பார்க்கும்போதும், பின்னணியில் நிற்பது பெரும்பாலும் இத்தகைய அட்டவணைகளே.

மனிதரை எண்ணாக்குவது மனிதத் தன்மைக்கு இழுக்கு என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். அக்கூற்றின் பின்னுள்ள உணர்வை நான் மதிக்கிறேன். வகுப்பிலே ஒரு பிள்ளையை இலக்கத்தால் அழைக்கும் ஆசிரியரை நானும் கண்டிப்பேன். ஆயினும், பட்டியலில் இலக்கத்தை எழுதாமல் விடும் ஆசிரியர் அதனினும் பெரிய தீங்கைச் செய்துவிடக்கூடும். குரல் உயர்த்திக் கேட்கத் தெரிந்தவர்கள் தமக்குரியதை எப்படியும் பெற்றுக்கொள்வர். கேட்கத் தெரியாதவர்களுக்கு, இடாப்பில் உள்ள அந்த ஒரு நிரலே சாட்சி.

எனவே, உங்கள் சனசமூக நிலையத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, கோயிற் சபையிலோ ஒரு பட்டியல் எழுத நேரும்போது, முதற் கோட்டைக் கீறுமுன் ஒரு கணம் நின்று, இதிலே ஒரே பெயருடைய இருவர் இருந்தால் அவர்களை எப்படிப் பிரித்தறிவேன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்த பின்னர் எழுதத் தொடங்குங்கள்.

அந்தச் செல்வராசா படித்து முடித்து, இன்று ஒரு பணிமனையிற் பொறுப்பான பதவியில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் தன் மகளுக்காக ஒரு விண்ணப்பத்தை உறுதிப்படுத்திக் கையொப்பம் பெற என்னிடம் வந்தான். பெயருக்குக் கீழே, படிவம் கேளாமலே, பழைய சேர்விலக்கத்தைத் தன் கையால் எழுதியிருந்தான். நான் அதைப் பார்த்தேன், அவன் சிரித்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை.